மலையின் இடுப்பு

அவள் எதையும் குனிந்தவுடன் எடுக்க மாட்டாள். சுள்ளியானாலும் சரி, வறட்டியானாலும் சரி, நேற்று வைத்த முறமானாலும் சரி, முதலில் ஒரு தட்டு. கையில் எப்போதும் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி இருக்கும். சுரங்கத்தில் பாறையைத் துளைக்கிற ஜம்பர் கம்பி உடைந்தால் மிஞ்சுகிற துண்டு. அவள் புருஷன் கொண்டுவந்து கொடுத்தது. அதால் தட்டுவாள். கொஞ்சம் நிற்பாள். அப்புறம்தான் கை போகும்.

கல்லானால் இன்னொன்றும் உண்டு. புரட்டிப் பார்த்த கல்லைத் திரும்பப் படுக்க வைப்பாள். எந்தப் பக்கம் மண்ணில் இருந்ததோ அந்தப் பக்கமே மண்ணில். அடியில் தேள் இருந்தாலும் அப்படித்தான். அடிக்க மாட்டாள்.

"ஏன்க்கா, அடிச்சா ஒண்ணு குறையுமில்ல?" என்று கேட்டேன்.

"அடிச்சா அந்த இடத்துக்கு இன்னொண்ணு வரும். கல்லைப் பொரட்டிப் போட்டா அது வேற வூடு தேடும். தேடிக்கினு எங்க வரும்? உன் வூட்டுக்கு வரும். அது கீற எடத்துலயே இருக்கட்டும். நாம வேற எடத்துல இருந்துக்கலாம்."

அவள் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அபூர்வம்.

கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் வராத காலம் அது. நானும் என் புருஷனும் குடியாத்தம் பக்கத்திலிருந்து மேஸ்திரி ஒருவர் கூட்டிவந்த ஆட்களோடு வந்தோம். ஆம்பிளைகள் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்குவார்கள். பொம்பிளைகள் மேலே கல்லுடைப்போம். கீழேயிருந்து வருகிற கல்லைச் சுத்தியால் முட்டை அளவுக்கு உடைத்து மில்லுக்கு அனுப்ப வேண்டும். அவளுக்கு அடுத்த இடம் எனக்கு. வீடும் அடுத்த வீடு. வீடு என்றால் மூங்கில் தட்டியும் மேலே போட்ட புல்லும். மலைச் சரிவில், ஷாஃப்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டியிருந்தார்கள்.

வந்த முதல் நாள் நான் என் மூட்டையைச் சரிவிலிருந்த ஒரு தட்டைக் கல்மேல் வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கம்பி நீண்டு என் மூட்டையைத் தடுத்தது.

"இன்னா?" என்றேன், கோபமாக.

 அவள் கல்லின் ஓரத்தைக் கம்பியால் நெம்பிக் காட்டினாள். அடியில் சிவப்பாக, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒன்று வாலை மடக்கிக்கொண்டு இருந்தது. கல்லை மெதுவாக இறக்கினாள்.

"சின்னது," என்றேன். எங்கள் ஊரில் நட்டுவாக்காலி பார்த்துப் பழக்கம். கருப்பாக, உள்ளங்கை நிறைய இருக்கும். அதைக் கண்டால்தான் அலறுவோம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்டித்தான் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் புருஷன்தான் பிறகு சொன்னார். நான் வருவதற்கு முந்திய வருஷம் அவர்களுக்கு ஒரு பையன் இருந்தான். நடக்கப் பழகியிருந்தான். வீட்டு வாசலில் கல் ஒன்றை எடுத்து விளையாடும்போது கொட்டிவிட்டது. அழுதான். பார்த்தவர்கள் எல்லோரும் சின்னத் தேள், ஒன்றுமில்லை என்றார்கள். வெங்காயம் தேய்த்தார்கள். வேப்பிலை அடித்து மந்திரித்தார்கள். மந்திரித்தவர் நல்ல மனுஷர், கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பையனுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. கை கால் சில்லிட்டது. மூச்சு இழுத்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

புருஷன் இதைச் சொல்லும்போது அவள் பக்கத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. நான் "பாவம்" என்றேன்.

"பாவம்லாம் வேணாம்," என்றாள். "மொறத்தை அப்டி வெக்காதே. தட்டிட்டு வை."

பையன் செத்தபோது அவள் வயிற்றில் அடுத்த பிள்ளை அஞ்சலை இருந்தாளாம். நான் வந்தபோது அஞ்சலை தூளியில் கிடந்தாள். அந்தத் தூளி தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் தொங்கும். தூளிக் கயிற்றில் வேப்பெண்ணெய் தடவியிருப்பாள். தினமும் தடவுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லுடைப்பு இல்லை. மற்றவர்கள் துணி துவைப்பார்கள், பேன் பார்ப்பார்கள், ஆண்டர்சன்பேட்டைச் சந்தைக்குப் போவார்கள். அவள் அஞ்சலையை என்னிடம் கொடுத்துவிட்டு மலைக்குப் போவாள். இடுப்பில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா. கையில் கம்பி. ஒவ்வொரு கல்லாக நெம்பிப் பார்ப்பாள். தேள் இருந்தால் கல்லை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கல்லின் தலையில் கட்டை விரலால் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. இல்லாவிட்டால் பொட்டு இல்லை. அவ்வளவுதான் வேலை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னாம்மா, தேளுக்குக் கண்ணாலமா? வூட்டுக்கு வெள்ளை அடிக்கிறியே!" என்பார்கள்.

அவள் புருஷன் எல்லோரையும்விட அதிகமாகக் கேலி பேசுவார். "எனக்கு வெத்தலைக்குச் சுண்ணாம்பு கெடையாது. மலை போட்டுக்கினு கீது வெத்தலை" என்பார். ஆனால் சந்தைக்குப் போனால் அவர்தான் சுண்ணாம்பு வாங்கி வருவார். இரண்டு பொட்டலம்.

நாள் போகப் போக ஒன்று தெரிந்தது. அதை நாங்கள்தான் பார்த்தோம், அவள் காட்டவில்லை. கல்லுடைக்கிற இடத்திலிருந்து நிமிர்ந்தால் மலை முழுசாகத் தெரியும். உச்சி மொட்டைப் பாறை. அங்கே பொட்டு இல்லை. அடிவாரம் செம்மண். அங்கேயும் இல்லை. ஓடை இறங்குகிற பள்ளத்தில் இல்லை. நடுவில் மட்டும், தட்டைக் கல் சரிந்து கிடக்கிற பட்டையில், வெள்ளை வெள்ளையாக மலையைச் சுற்றிப் போயிற்று. பிள்ளைக்கு அரைஞாண் கட்டினாற்போல இருந்தது.

என் பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி சுத்தியை வைத்துவிட்டுப் பார்த்தாள். "அடியே, இடுப்புல மட்டும்தான் கீது" என்றாள்.

நாங்கள் எல்லோரும் வெள்ளைப் பட்டையைப் பார்த்தோம். பிறகு எங்கள் வீடுகளைப் பார்த்தோம். வீடுகள் பட்டைக்குள்ளேயே இருந்தன. அதற்கப்புறம் சிரிப்பு குறைந்தது.

அவளுக்கு ஒரு மலை போதவில்லை. பேத்தமங்களாவில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், ஏரிப் பக்கம் நெல் பயிர் வைக்கிற குடும்பம். ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தாள். பலகாரம் என்ன, யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"அங்க இல்ல," என்றாள். "ஈரம்."

பலகாரத்தைப் பற்றிக் கடைசிவரை சொல்லவில்லை.

இன்னொரு தரம் நாங்கள் எல்லோருமாகப் பக்கத்து மலைக் கோயில் திருவிழாவுக்குப் போனோம். பாதி வழியில் அவளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் சரிவில் குந்திக்கொண்டு கல்லை நெம்பிக்கொண்டிருந்தாள். கோயில் பூசாரி கன்னடக்காரர், அந்த வழியாக வந்தவர் நின்றுவிட்டார். என்ன தேடுகிறாய் அம்மா என்று அவர் பாஷையில் கேட்டார்.  அவள் கல்லைத் தூக்கிக் காட்டினாள். பூசாரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார். வருஷம் முழுக்க வெறுங்காலோடு அந்த வழியாகத்தான் ஏறி இறங்குகிறாராம்.

அவள் எங்களிடம் வந்து, "இங்கயும் இடுப்புலதான்" என்றாள். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அன்று மேலே ஏறிச் சாமியும் கும்பிட்டாள். அதுவரை அவள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்து மேஸ்திரி ஊருக்குப் போய் இன்னும் கொஞ்சம் குடும்பங்களைக் கூட்டிவந்தார். காட்பாடிப் பக்கத்து ஆட்கள். பெண்டு பிள்ளைகளோடு மூட்டையை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி எங்கள் வீடுகளுக்குப் பக்கத்திலேயே சரிவில் இடம் காட்டினார். ஷாஃப்ட் பக்கம், தரைக்குப் போடத் தட்டைக் கல் இருக்கிறது, காற்றை மலை மறைத்துக்கொள்ளும். எல்லாம் வசதி.

அவள் போய் மேஸ்திரி எதிரில் நின்றாள்.

"இங்க வேணாம். கீழ செம்மண்ணுல வெக்கச் சொல்லுங்க. நாங்களும் கீழ போறோம்."

"செம்மண்ணுலயா?" மேஸ்திரி சிரித்தார். "அங்க பூரா நட்டுவாக்காலி பொந்தும்மா. நீதான் தேளுக்குப் பயந்தவளாச்சே. பெரிய தேளுகிட்ட போயிக் குடி வெக்கச் சொல்றே?"

வந்த பெண்கள் நட்டுவாக்காலி என்ற பேச்சைக் கேட்டதும் மூட்டையை இறுக்கிக் கொண்டார்கள். செல்லி என்று ஒரு சின்னப் பெண், இடுப்பில் பையன். அவள், "ஐயோ, நான் செம்மண்ணுக்குப் போவ மாட்டேன்" என்றாள்.

மேஸ்திரி எதிரில் நின்றவள் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். எங்கே போகிறாள் என்று எல்லோரும் பார்த்தோம். செம்மண்ணில் ஒரு பொந்தைப் பார்த்துக் கம்பியால் தோண்டினாள். நட்டுவாக்காலி ஒன்றை முறத்தில் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள். எல்லோர் நடுவிலும் முறத்தைத் தரையில் வைத்தாள். கருகருவென்று, முன்கொடுக்கு இரண்டையும் விரித்துக்கொண்டு நின்றது. பெண்கள் கத்தினார்கள்.

இடது கையை முறத்தில் வைத்தாள்.

அது முதலில் முன்கொடுக்கால்தான் பிடித்தது. அது போதாது என்று வலது கையால் கம்பியை எடுத்து அதைச் சீண்டினாள். கொட்டியது. அவள் கையை எடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை. கை எங்கள் கண்ணெதிரே வீங்கியது.

"பைத்தியமா உனக்கு!" என்று அவள் புருஷன் ஓடிவந்தார்.

"நாளைக்குப் பாருங்க," என்று மேஸ்திரியிடம் சொன்னாள்.

மேஸ்திரி அன்று யாரையும் குடி வைக்கவில்லை. வந்தவர்கள் மரத்தடியிலேயே பொங்கித் தின்றார்கள். மறுநாள் காலை கல்லுடைப்புக்கு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கை பணியாரம் மாதிரி இருந்தது. கல்லைக் காலால் அணைத்துக்கொண்டு வலது கையால் உடைத்தாள். புதுப் பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

"பெருசு கொட்டிச்சு," என்றாள் அவர்களிடம். "உசுரோட கீறேன். சின்னது கொட்டி என் புள்ளை இல்ல."

 செல்லி தன் பையனை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு போய் மூட்டையை எடுத்தாள். மேஸ்திரியைக் கேட்காமலே செம்மண்ணை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். மேஸ்திரி, "பொம்பளைங்க ராஜ்ஜியம்" என்று முணுமுணுத்துக்கொண்டு தட்டி இறக்க ஆள் விட்டார். அந்த வாரத்துக்குள் நாங்களும் எங்கள் தட்டியைப் பிரித்துக் கீழே கொண்டுபோய்க் கட்டினோம்.

செம்மண்ணில் நன்றாகத்தான் இருந்தது. நட்டுவாக்காலி வந்தது, அடித்தோம். இரண்டு பேரைக் கொட்டியது, கத்தினார்கள், மறுநாள் வேலைக்கு வந்தார்கள். பிள்ளைகள் வெளியில் விளையாடின. அவள் ஞாயிற்றுக்கிழமையில் மலைக்குப் போவதை நிறுத்தினாள். அஞ்சலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அதைப் பார்க்க எங்களுக்கு நன்றாக இருந்தது. சித்திரையில் கோடை மழை அடித்து மலைமேலிருந்த சுண்ணாம்புப் பொட்டெல்லாம் கரைந்துபோயிற்று. அதை யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

இவளைப் பற்றி நான் யாரிடம் சொன்னாலும் கையை முறத்தில் வைத்த கதையைத்தான் கேட்கிறார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் அவளை எனக்குத் தெரிந்தது அதில் இல்லை. பின்னால் அவர்கள் ஸ்கெலட்டன் என்கிற இடத்தில் புது லைன் வீட்டுக்குப் போனார்கள். அஞ்சலை அங்கேதான் பெரியவளானாள், கட்டிக்கொடுத்தார்கள். நான் போய்ப் பார்ப்பேன். போனால் பாய் விரிக்கு முன் பாயை உதறுவாள், எனக்கு மோர் கொடுப்பாள், மற்றபடி பேசமாட்டாள். அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஆடி மாசத்தைப் பற்றி.

சரிவில் இருந்தபோது காற்றை மலை மறைத்தது. செம்மண் வெட்டவெளி. ஆடிக் காற்றில் தட்டி பறந்தது, கூரைப் புல் பறந்தது. முதல் வாரத்திலேயே இரண்டு வீடுகளின் கூரை மில் பக்கம் போய் விழுந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து மேலே வந்த ஆம்பிளைகள் கூடிப் பேசினார்கள். எங்கள் ஊர்களில் ஆடிக் காற்றுக்குக் கூரைமேல் கல் வைப்பது வழக்கம். கயிற்றின் இரண்டு முனையிலும் கல் கட்டிக் கூரைக்குக் குறுக்கே தொங்க விடுவோம், ஓரத்தில் தட்டைக் கல்லைப் படுக்க வைப்போம். அதையே செய்தார்கள். நாங்கள் கல்லுடைப்பில் இருந்தபோது மலைக்குப் போய்க் கல் கொண்டுவந்து எல்லா வீட்டுக் கூரையிலும் ஏற்றிவிட்டார்கள். அவள் வீட்டுக் கூரையில் அவள் புருஷனே ஏற்றியிருந்தார்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தோம். அவள் நின்றாள். கூரைகளைப் பார்த்தாள்.

"எங்கேருந்து?"

"மலையிலேருந்துதான். வேற எங்க கல்லு கீது?" என்றார் புருஷன். "பயப்படாதே. சுண்ணாம்பு வெச்ச கல்லைத் தொடலை. ஒரு கல்லுலயும் பொட்டு இல்ல. பாத்துப் பாத்து எடுத்தோம்."

அவள் திரும்பி மலையைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டை இல்லை. வெறும் மலை.

 "மழையில போச்சு," என்றாள். "நான் போயிப் பாக்கலை."

அப்போதே தன் வீட்டுக் கூரையிலிருந்து கல்லை இறக்கத் தொடங்கினாள். மற்றவர்களையும் இறக்கச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. காற்று அப்படி அடித்தது. "கல்லை எடுத்தா கூரை எங்க போவும்?" என்றார்கள். "மேல கீற கல்லுல தேள் இருந்தா வெயில்லயே செத்துப்பூடும்" என்றார்கள். என் புருஷனும் அதையே சொன்னார்.

அவள் வீட்டுக் கூரை மறுநாள் போயிற்று. புருஷன் அடுப்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துச் சொன்னார்: "லைன்ல எல்லார் வூட்லயும் கூரை கீது. நம்ம வூட்ல மட்டும் வானம் கீது."

அவள் சிரித்தாள். அந்த மனுஷர் பேச்சுக்கு மட்டும் சிரிப்பாள். பிறகு மில்லில் தூக்கிப் போட்ட கிழிந்த கோணிகளைப் பொறுக்கி வந்தாள். தைத்தாள். செம்மண் நிரப்பினாள். புதுப் புல் போட்டுக் கல்லுக்குப் பதில் கோணியை ஏற்றினாள். கூரை நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். தங்கள் கூரையில் கல்லும் நின்றதால் யாரும் இறக்கவில்லை. அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். செல்லி வீட்டில் மாமியார்க்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "உன் புள்ளை போனதுலேருந்து உனக்குக் கல்லெல்லாம் தேளா தெரியுது. எங்களை வுட்டுடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. செல்லியின் பையன் சுவரோரம் விளையாடிக்கொண்டிருந்தான். காற்றில் கூரை ஆடிற்று. ஓரத்துக் கல்லிலிருந்து ஏதோ விழுந்தது. பையன் அலறினான்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். சிவப்பு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

யாரோ, "சின்னதுதான்" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம்.

செல்லி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நீதானேக்கா சொன்னே, கீழ வராதுன்னு! உன் பேச்சைக் கேட்டுத்தானே வந்தேன்! வராதுன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"மருந்து சொல்லுக்கா! உனக்குத் தெரியும், சொல்லு!"

"மருந்து எனக்குத் தெரியாது," என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். "எடம்தான் தெரியும். கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடு. நிக்காதே."

என் புருஷன் பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். செல்லி பின்னால் ஓடினாள். பாதி லைன் அவர்கள் பின்னால் போயிற்று. மீதிப் பேர் அங்கேயே நின்று அழுதார்கள்.

அவள் ஏணி எடுத்து வந்தாள். முதல் வீட்டுக் கூரையில் சாத்தினாள்.

ஏறிக் கல்லைத் தட்டினாள். நெம்பினாள். கீழே நின்ற என்னிடம் கூடை கேட்டாள். கூடையில் மண் போடச் சொன்னாள். கல்லைப் படுக்கை மாறாமல் மண்மேல் இறக்கினாள். அடியில் தேள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே. கூடையைக் கையில் எட்டப் பிடித்துக்கொண்டு மலை ஏறினாள். திரும்பி வந்தாள். அடுத்த கல்.

"புள்ளை அங்க சாவக் கெடக்குது," என்று செல்லியின் மாமியார் கத்தினாள். "நீ கல்லு செமக்கிறியா? உனக்கு நெஞ்சுல ஈரம் இல்லையா? போயி அது பக்கத்துல ஒக்காரு!"

அவள் ஏணியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அங்க ஒக்கார ஆள் கீது. இங்க எறக்க ஆள் இல்ல. இன்னும் எத்தினி வூட்ல புள்ளைங்க கீது, பாரு."

 ஏணி தன் வீட்டுப் பக்கம் வந்தபோது மாமியார்க்காரி வாசலில் குறுக்கே நின்றாள். "எங்க வூட்டுக் கல்லைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்." அவள் ஏணியை எடுத்து அதற்கடுத்த வீட்டில் சாத்தினாள்.

நான் கோணி தைத்தேன். வேறென்ன செய்வது. கொஞ்ச நேரத்தில் கல்லுடைக்கிற கிழவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மண் நிரப்பினாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். அவள் புருஷன் இன்னொரு கூடை எடுத்துக்கொண்டு, "எப்டிப் புடிக்கணும், சொல்லு" என்று கேட்டார். கேலி இல்லை. மூன்று கல்லின் அடியில் தேள் இருந்தது. வெயிலில் சாகவில்லை. ஒன்று என் வீட்டுக் கூரைக் கல்லில். என் புருஷன் தலை வைத்துப் படுக்கிற பக்கம்.

வெயில் ஏறி இறங்கியது. யாரும் சமைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து யார் வந்தாலும் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம். அவள் மட்டும் பார்க்க மாட்டாள். மலைக்கும் லைனுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு தரம் என்னைக் கடக்கும்போது உதடு அசைந்ததைப் பார்த்தேன். சாமியைக் கூப்பிட்டாளா, செத்த பையனையா, தெரியாது. கேட்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் செல்லி வந்தாள். பையன் அவள் தோளில் துணி மாதிரிக் கிடந்தான். எல்லோரும் எழுந்தோம். 

"தண்ணி கேட்டான்," என்றாள் செல்லி. "மூச்சு நல்லா வருது. பொழைச்சுக்குவான்னு சொல்லிட்டாங்க."

மாமியார் ஓவென்று அழுதாள். செல்லி பையனை அவளிடம் கொடுத்தாள். தன் கூரையைப் பார்த்தாள். லைனில் அந்த ஒரு கூரையில்தான் கல் மிச்சம். மற்றதெல்லாம் கோணி. அவள் எங்கே என்று செல்லி என்னைக் கண்ணால் கேட்டாள். நான் மலையைக் காட்டினேன்.

செல்லி ஏணியைச் சாத்தி ஏறினாள். மாமியார் பையனோடு ஓரமாக விலகி நின்றாள். ஓரத்துக் கல்லைச் செல்லி முதலில் தட்டினாள். கொஞ்சம் நின்றாள். பிறகு படுக்கை மாறாமல் கூடையில் இறக்கினாள். தூக்கிக்கொண்டு மலைக்கு நடந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் நானும் பின்னாலேயே போனேன்.

அவள் சரிவில் குந்தியிருந்தாள். கொண்டுவந்த கல்லையெல்லாம் பழைய இடங்களில் பொருத்தியிருந்தாள். மண்ணில் கல் இருந்த தடம் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். செல்லியின் காலடி கேட்டும் நிமிரவில்லை. என்ன சேதி வருகிறதோ என்று முதுகு விறைத்திருந்தது.

"பொழைச்சுக்கினான்க்கா," என்றாள் செல்லி.

அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். தலை தொங்கியது. மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. அன்றுதான் முதல் தடவையாகத் தட்டிப் பார்க்காமல் தரையில் கை வைத்தாள்.

செல்லி கூடையை நீட்டினாள். "இத்தை எங்க வெக்கட்டும்?"

அவள் நிமிர்ந்து கல்லைத் தடவினாள். மண் அப்பியிருந்த பக்கத்தைக் கட்டை விரலால் காட்டினாள். "இது கீழ." ஒரு தடத்தையும் காட்டினாள். செல்லி மண்டியிட்டுக் கல்லைப் படுக்க வைத்தாள்.

அவள் இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். அந்தக் கல்லின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு அடுத்த கல்லை நெம்பினாள், பார்த்தாள், இறக்கினாள், பொட்டு வைத்தாள். மலையின் இடுப்பு முழுக்க மறுபடி வைக்க வேண்டியிருந்தது.

"சுண்ணாம்பு கொஞ்சம் குடுக்கா," என்றாள் செல்லி.

அவள் செல்லியின் உள்ளங்கையில் பாதியை வழித்து வைத்தாள். கம்பியையும் அவளிடமே கொடுத்துவிட்டாள். தான் ஒரு குச்சி ஒடித்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். இருட்டுவதற்குள் மலையைச் சுற்றி மறுபக்கம் வந்து சேர வேண்டும்.